மேரி கட்டடம் இரண்டு: விக்கியில் இரட்டைக் கோப்புகளும் தொகுப்பு வரலாறும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள மேரி கட்டடத்தின் படங்கள் இரண்டை அருகருகே வைத்துக் காட்டினால், ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அதே முகப்பு, அதே தூண் வரிசை, அதே கோணம், கீழே அதே சாலை. ஆனால் ஒன்று 2010இல் எடுத்தது, மற்றது 2022இல் எடுத்தது என்றால், அவற்றில் இருப்பது ஒரே கட்டடம் அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்துவிட்டது. அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே எழுப்பிய புதிய கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது.

எல்லா மொழி விக்கிகளும் பகிர்ந்து பயன்படுத்தும் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் யாராவது துப்புரவு ஆர்வத்தில் இந்த இரண்டில் பழையதை ‘இரட்டைக் கோப்பு’ என்று குறித்து, இன்னொருவர் அவசரத்தில் அதை ஏற்று நீக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனி யார் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாலும் எடுக்க முடியாத படம் ஒன்று பார்வையிலிருந்து போய்விடும். விக்கியில் இரட்டைகளைக் கையாள்வது ஏதோ பெருக்கித் துடைக்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எது எதன் பிரதி, எந்தப் பிரதியோடு யாருடைய உழைப்பின் பதிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிற வேலை அது. மென்பொருள் அதில் பாதி தூரம்கூடத் துணைக்கு வராது.

அது வருகிற தூரம் எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

விக்கிப்பீடியா, பொதுவகம், நூல்களுக்கான விக்கிமூலம் எல்லாம் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் ஓடுகின்றன. ஒரு கோப்பை ஏற்றியவுடன் மீடியாவிக்கி அதன் உள்ளடக்கத்தை ஷா-1 என்ற கணக்கில் போட்டு 160 பிட் நீளமுள்ள ஓர் எண்ணை எடுக்கிறது. கோப்பின் விரல் ரேகை என்று அதைச் சொல்லலாம். பெயர் என்னவாக இருந்தாலும், பைட்டுக்கு பைட் ஒன்றாக இருக்கும் இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண்தான் வரும். அதனால் ஏற்கெனவே உள்ள கோப்பையே வேறு பெயரில் ஏற்றினால் ‘இது அங்கே இருக்கிறது’ என்று ஏற்றும்போதே எச்சரிக்கை வந்துவிடும். கோப்புப் பக்கத்தின் கீழேயும் அதன் இரட்டைகள் தாமாகப் பட்டியலாகும். ஷா-1ஐ ஏமாற்ற முடியும் என்று 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓர் ஆய்வு மையமும் சேர்ந்து காட்டினார்கள்; வெவ்வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகளுக்கு ஒரே எண் வரும்படி செய்தார்கள். கணினிப் பாதுகாப்பு என்ற பூட்டுச் சாவி விஷயத்தில் அது பெரிய செய்தி. கோயில் படங்களில் இரட்டை தேடுகிறவர்கள் அதை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

இந்தக் கணக்கு தோற்கும் இடம் வேறு, அது நமக்குத் தினமும் பழக்கமானது. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தை ஒருவர் கேமராவில் எடுக்கிறார். படம் 4000க்கு 3000 புள்ளிகள், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அவரே அதைப் பொதுவகத்தில் ஏற்றுகிறார். அதே படத்தை நண்பர் குழுவுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார். அங்கே அது சுருக்கப்பட்டு 1600க்கு 1200 ஆகிவிடுகிறது. நண்பர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், தன் போனுக்கு வந்த படத்தைப் பொதுவகத்தில் ஏற்றுகிறார். இரண்டும் ஒரே படம் என்று குழந்தைகூடச் சொல்லும். ஷா-1 கணக்கில் இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது, எச்சரிக்கையும் வராது. புள்ளிகள் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்ததைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கேமரா படத்தோடு சேர்த்து எழுதிவைத்த எக்சிஃப் தகவல், அதாவது எடுத்த நாள், நேரம், கேமரா, சில சமயம் இடம், வாட்ஸ்அப் வழியில் உதிர்ந்துவிடுகிறது. இரண்டாவது கோப்பில் நாள் என்ற இடத்தில் ஏற்றிய நாள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மேரி கட்டடத்தின் பழைய படம் ஒன்று இப்படி வாட்ஸ்அப் வழியாகச் சுற்றி வந்து, ‘எடுத்த நாள்: 2015’ என்று பதிவானால் எப்படி இருக்கும்? 2015இல் அந்த இடத்தில் கட்டடமே இல்லை. இப்படிப்பட்ட பிழையை ஊர்க்காரர்தான் பிடிக்க முடியும். நீக்கும் அதிகாரம் பெற்ற பயனரான நிர்வாகி வெளியூர்க்காரர் என்றால், அவருக்கு அது சாதாரணத் தேதி. கடலூர் பக்கத்துக்கும் இதே கதைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்பும் பின்பும் எடுத்த தோப்புப் படங்கள், கடற்கரைப் படங்கள் எல்லாவற்றிலும் நாள் என்ற ஒரு வரிதான் படத்தின் பொருள்.

இடம் மிச்சமாவதில்லை

இரட்டைக் கோப்பை நீக்குவதற்குப் பலரும் சொல்லும் காரணம் வழங்கியில் இடம் மிச்சமாகும் என்பது. இது தவறு. விக்கியில் ‘நீக்கு’ என்றால் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து வைப்பது என்றுதான் பொருள். கோப்பு பின்னால் காப்பகத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். நிர்வாகி நினைத்தால் மீட்கலாம். (எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2006இன் நடுப்பகுதி வரை நீக்கிய படம் நீக்கியதுதான். கட்டுரைகளுக்கு மட்டுமே மீட்பு வசதி இருந்தது.) பொதுவகத்தில் இப்போது 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. நாம் நீக்கும் நான்கு கோபுரப் படங்களால் அங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை.

உண்மையான காரணம், திருத்தம் இரண்டாகப் பிரிந்துவிடுவது. ஒரே படம் இரண்டு பெயரில் இருக்கும்போது, ஒன்றின் விவரணையில் ‘இது மேற்குக் கோபுரம் அல்ல, கிழக்குக் கோபுரம்’ என்று ஒருவர் திருத்துவார். மற்றதில் தப்பு அப்படியே கிடக்கும். ஒன்றுக்குச் சரியான பகுப்பு இருக்கும், மற்றது ‘இந்தியக் கோயில்கள்’ என்ற கடலில் மிதக்கும். தமிழ்க் கட்டுரை ஒன்றைப் பயன்படுத்தும், பிரெஞ்சுக் கட்டுரை மற்றதை. எடுத்தவர் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றதில் வாட்ஸ்அப் நண்பரின் பெயர் இருக்கும். கடைசியில் சொன்னதுதான் சட்டச் சிக்கலாகவும் மாறுவது.

அதனால் பொதுவகத்தின் நடைமுறை சற்றுக் கறாரானது. அச்சு அசலாக ஒன்றாக இருப்பவை, அல்லது ஒரே வடிவத்தில் இருக்கும் பெரிய படத்தின் சுருக்கிய பிரதி, இவை மட்டுமே விரைவு நீக்கலுக்குத் தகுதியான இரட்டைகள். நீக்கக் கோரும் வார்ப்புருவை, அதாவது ஆயத்த அறிவிப்பை, பக்கத்தில் இடும்போது எந்தக் கோப்பு நிலைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நிர்வாகி இரண்டையும் ஒப்பிட்டு, போகிற கோப்பில் உள்ள பயனுள்ள விவரங்களை நிற்கிற கோப்புக்கு மாற்றுவார். பிறகு காமன்ஸ்டீலிங்கர் என்ற தானியங்கி, எந்தெந்த மொழி விக்கியில் பழைய பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் புதிய பெயரை இட்டுவரும். நீக்கிய பெயரில் ஒரு வழிமாற்று நிற்கும்; அந்தப் பெயரில் வருகிறவரை நிற்கிற கோப்புக்கு அது அனுப்பிவிடும். பத்தாண்டுகளுக்கு முன் யாரோ தங்கள் தளத்தில் அந்தப் பெயரைச் சுட்டி இணைத்திருக்கலாம். அவர்களின் இணைப்பு அறுந்து போகக் கூடாது.

பெரியதா பழையதா, எது நிற்க வேண்டும்? இரண்டும் அச்சு அசல் என்றால் பொதுவாக முதலில் வந்தது நிற்கும். அளவு வேறு என்றால் பெரியது. ஆனால் பெரியது என்பதற்காகவே ஏமாறக் கூடாது. சிறிய படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கி ஏற்றுகிறவர்கள் உண்டு. புள்ளிக் கணக்கு மூன்று மடங்கு காட்டும், உருப்பெருக்கிப் பார்த்தால் மெழுகு பூசியது போல இருக்கும்.

எவை இரட்டை அல்ல என்ற பட்டியல் இதைவிட நீளம். ஒரு படத்திலிருந்து வெட்டி எடுத்த பகுதி இரட்டை அல்ல. ஒளி திருத்திய படம் பெரும்பாலும் இரட்டை அல்ல. ஒரே வரைபடத்தின் பிஎன்ஜி (புள்ளிகளால் ஆன) வடிவமும் எஸ்விஜி (கோடுகளால் ஆன) வடிவமும் இரட்டை அல்ல. கோபுரத்துக்குக் குடமுழுக்குக்கு முன் ஒரு வண்ணம், பின் ஒரு வண்ணம்; அவை இரட்டை அல்ல என்று சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டிவருகிறது. புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்தது. அதற்கு முந்தைய படங்கள் நூறு இருந்தாலும் நூறும் இருக்கட்டும் என்பதே என் கட்சி.

பிரெஞ்சுக் காலத்து அஞ்சலட்டைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான புதுச்சேரி அஞ்சலட்டைகள் பல, வெவ்வேறு சேகரிப்புகளிலிருந்து வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) இணையத்தில் உலவுகின்றன. ஒரே அச்சு, ஒரே காட்சி. ஆனால் ஒன்றின் மேல் அஞ்சல் முத்திரை விழுந்திருக்கும், இன்னொன்றின் ஓரத்தில் யாரோ பேனாவில் நாலு வரி எழுதியிருப்பார்கள், மூன்றாவதை விற்றவர் ஓரத்தை வெட்டி, அச்சிட்டவர் பெயரையும் சேர்த்து வெட்டியிருப்பார். முத்திரை விழுந்த பிரதிதான் அட்டை எந்த ஆண்டுக்கு முன் அச்சாகியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். ‘அழுக்காக இருக்கிறது, சுத்தமான பிரதி போதும்’ என்று அதை நீக்கினால் சான்றையே நீக்கியதாகும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தது. ஒரே ஆகமத்தின் பல ஓலைப் பிரதிகளும் அவற்றிலிருந்து எழுதிய தாள் படிகளும் அங்கே உண்டு. ‘ஒன்று போதும்’ என்று எந்தச் சுவடிக்காரரும் சொல்லமாட்டார்.

மேலேயே ஏற்றிவிடுவது

இரட்டை ஏற்றுவதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருக்கிறது: பழைய கோப்பின் மேலேயே புதியதை ஏற்றுவது. கோப்புப் பக்கத்தில் ‘இக்கோப்பின் புதிய பதிப்பைப் பதிவேற்று’ என்று ஓர் இணைப்பு இருக்கும். தூசிப் புள்ளியை நீக்கினேன், சாய்வை நிமிர்த்தினேன் என்பது போன்ற சின்னத் திருத்தங்களுக்கானது அது. 2010இன் மேரி கட்டடப் படத்தின் மேல் ஒருவர் ‘இப்போதைய நல்ல படம்’ என்று 2022இன் படத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோப்பின் பெயர் மாறாது. அதைப் பயன்படுத்தும் அத்தனை மொழிக் கட்டுரைகளிலும் படம் சத்தமில்லாமல் மாறும். பிரெஞ்சுக் கட்டுரையில் ‘இடிவதற்கு முன்’ என்ற குறிப்பின் மேலே, இடிந்த பிறகு கட்டிய கட்டடம் நிற்கும். அந்தக் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவருக்கும் தெரியாது, ஏனென்றால் அவருடைய கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

நல்ல வேளையாக, பழைய பதிப்பு அழிவதில்லை. கோப்பு வரலாற்றில் கீழ் வரிசையில், நாள், நேரம், அளவு, ஏற்றியவர் பெயரோடு நிற்கும். பக்கத்தில் உள்ள ‘மீளமை’யை அழுத்தினால் அது மேலே வந்துவிடும். பிறகு புதிய படத்தைத் தனிப் பெயரில் ஏற்றச் சொல்லலாம். பல ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்தால்தான் தலைவலி. அதற்குள் சில கட்டுரைகள் புதிய படத்தை எதிர்பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கும். அப்போது நிர்வாகி ஒருவர் கோப்பு வரலாற்றையே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் எது வேண்டும் என்று பார்த்துத் தர வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் இந்த வரலாற்றுப் பட்டியலில் அடிக்கடி தெரியும்: ஒரே பயனர், பத்து நிமிட இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே படத்தை நான்கைந்து முறை ஏற்றியிருப்பார். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கேட்கும் கேள்வியிலிருந்து காரணம் புரியும்: “சார், புதுசா ஏத்தினேன், ஆனா இன்னும் பழசாவேதான் சார் காட்டுது.” ஏற்றியது சரியாகத்தான் ஏறியிருக்கும். கட்டுரையில் தெரிவது முன்பே செய்துவைத்த சிறுபடம். உலாவியும் இடைப்பட்ட வழங்கிகளும் அதைத் தேக்கிவைத்திருக்கும். பக்கத்தின் தேக்கத்தை நீக்கிவிட்டு உலாவியில் ஒருமுறை புதுப்பித்தால் போதும். அது தெரியாமல், தன் படம் ஏறவில்லை என்று நினைத்து, அளவைக் கொஞ்சம் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே ஏற்றினால் மீடியாவிக்கி ‘இதுதானே இப்போது இருக்கிறது’ என்று மறுத்துவிடும் என்பதால்தான் இந்த மாற்றி மாற்றி.

தமிழ் விக்கிப்பீடியாவிலேயே ஏற்றிய கோப்புகளுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. திரைப்படச் சுவரொட்டி, நிறுவனச் சின்னம் போன்றவை நியாயமான பயன்பாடு (காப்புரிமை உள்ளதைக் குறைந்த அளவில் எடுத்தாளும் விதிவிலக்கு) என்ற அடிப்படையில் அங்கேயே இருக்கும்; பொதுவகத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஒரே பெயரில் இங்கே ஒன்றும் பொதுவகத்தில் ஒன்றும் இருந்தால், தமிழ்க் கட்டுரையில் உள்ளூர்க் கோப்புதான் தெரியும். பொதுவகத்தில் இருப்பது மறைந்துவிடும். பெயரை ‘கோயில்.ஜேபிஜி’ என்று வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

ஒரே ஊர், பல பக்கம்

கட்டுரைகளில் இரட்டை வருவது பெரும்பாலும் பெயரால். புதுச்சேரி, பாண்டிச்சேரி, புதுவை, பாண்டி என்று நான்கு பெயரில் தேடுவார்கள். மூன்றை வழிமாற்றாக வைத்துவிட்டால் முடிந்தது. சிக்கல் அதற்கு நேர்மாறான இடத்தில். புதுச்சேரி என்பது ஒன்றியப் பகுதி, மாவட்டம், நகரம் என்று மூன்று. ஒன்றியப் பகுதிக்குள் காரைக்காலும் மாகேயும் ஏனாமும் வரும்; மாவட்டத்துக்குள் வராது. மாவட்டமே ஒரே துண்டாக இல்லாமல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு ஊடே சிதறிக் கிடக்கிறது. வரைபடம் பார்க்காத ஒருவருக்கு மூன்று கட்டுரையும் ஒன்றாகத் தெரியும், ‘ஒன்றிணைக்கவும்’ என்று வார்ப்புரு இட்டுவிட்டுப் போவார். கடலூரும் கடலூர் மாவட்டமும் வேறு என்பதில் இந்த அளவு குழப்பம் இல்லை. ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் ஒன்று எழுதிவைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

தமிழுக்கே உரிய வேறு இரட்டை ஒன்று உண்டு. அது கண்ணுக்கே தெரியாது. கடலூர் மாவட்டத்தில் பூவராக சுவாமி கோயில் உள்ள ஸ்ரீமுஷ்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ்’ஐ அடிப்படையாக வைத்து எழுதுவது பழைய முறை. 2005இல் வந்த யூனிகோட் 4.1 பதிப்பு, கிரந்த ‘ஶ’ என்ற எழுத்தைத் தமிழுக்குச் சேர்த்த பிறகு அதை வைத்து எழுதுவது இன்னொரு முறை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தெரியும். விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும். மீடியாவிக்கிக்கோ இரண்டும் வெவ்வேறு தலைப்புகள். அதனால் ஒருவர் தேடி ‘இல்லை’ என்று பதில் பெற்று, ஏற்கெனவே இருக்கும் கட்டுரையை மறுபடி எழுத முடியும். இரண்டு தலைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது.

‘கௌரி’யிலும் இதே கதை. ஔகாரக் குறியை இட்டு எழுதுவது ஒன்று. ‘கெ’ எழுதி அடுத்து ‘ள’ எழுதுவது இன்னொன்று. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கொ’வில் அந்தத் தொல்லை இல்லை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் யூனிகோட் விதிப்படி மீடியாவிக்கி அதைத் தானே ஒரே குறியாக்கிவிடும். ஔகாரத்துக்கும் ஸ்ரீக்கும் அப்படி ஒரு சமன்விதி கிடையாது. வழிமாற்று ஒன்றை உருவாக்கிவைப்பதுதான் இப்போதைக்கு வழி.

தலைப்பின் நீளத்திலும் தமிழுக்கு ஓர் இடைஞ்சல். மீடியாவிக்கித் தலைப்புக்கு வரம்பு 255 பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். உயிர்மெய்யில் எழுத்து ஒன்று, குறி ஒன்று என இரண்டாகக் கணக்கு. திருப்பாதிரிப்புலியூர் என்ற 11 எழுத்துப் பெயர் மட்டும் 66 பைட்டை விழுங்கிவிடும். அதோடு கோயில் பெயர், கோபுரத்தின் திசை, நாள் எல்லாம் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைக்கப் போனால் இடிக்கும். ஆளுக்கு ஒரு விதமாகச் சுருக்குவார்கள். இரட்டை அங்கேயும் பிறக்கும்.

இரட்டைக் கட்டுரைகளைக் காட்டிக்கொடுக்கும் நம்பகமான ஆள், எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுக் கிடங்கான விக்கித்தரவு. அங்கே ஒரு பொருளுக்கு ஓர் உருப்படி. அந்த உருப்படியில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரே ஓர் இணைப்புக்குத்தான் இடம். இரண்டாவது தமிழ்க் கட்டுரையை இணைக்கப் போகும்போது ‘ஏற்கெனவே வேறு பக்கம் இணைந்திருக்கிறது’ என்று மறுக்கும். அந்த மறுப்பைக் கண்டு எரிச்சலடையாமல் அது காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

வெட்டி ஒட்டியதன் விலை

இனித்தான் கடினமான பகுதி. இரண்டு கட்டுரையில் ஒன்றைக் காப்பாற்றி மற்றதை ஒழிக்க வேண்டும் என்று முடிவானால், புதியவர் செய்வது என்ன? ஒன்றின் உரையை நகலெடுத்து மற்றதில் ஒட்டிவிடுவார். தலைப்பு பிடிக்கவில்லை என்றாலும் ‘நகர்த்து’ என்ற வசதியைப் பயன்படுத்தாமல் புதிய பக்கம் திறந்து ஒட்டுவார். வாசிப்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதைச் சொடுக்கினால் தெரியும்: ஐந்து ஆண்டுகளில் பன்னிரண்டு பேர் எழுதிய கட்டுரை, ஒட்டியவர் ஒரே மாலையில் எழுதியதாகப் பதிவாகியிருக்கும்.

இது நாகரிகம் சார்ந்த மனத்தாங்கலோடு முடியும் விஷயம் அல்ல. விக்கிப்பீடியாவின் உரை 2009 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆக்கர்சுட்டு–பகிர்வு உரிமத்தில் இருக்கிறது. 2023 முதல் அதன் 4.0 பதிப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம், ஆக்கியவரைச் சுட்ட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பவைதான் முக்கிய நிபந்தனைகள். கட்டுரையின் தலையில் எழுதியவர் பெயர் கிடையாது. ஆகவே ஆக்கியவர்களின் பட்டியல் என்பது அந்த வரலாற்றுப் பக்கம்தான். அதை அறுத்துவிட்டால் உரிமத்தின் முதல் நிபந்தனையையே நாமே மீறியவர்கள் ஆகிறோம்.

அந்த வரலாறு எவ்வளவு முழுமையாகச் சேமிக்கப்படுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மீடியாவிக்கி ஒவ்வொரு சேமிப்பின்போதும் மாறிய பகுதியை மட்டும் அல்லாமல் பக்கத்தின் முழு உரையையும் ஒரு புதிய திருத்தமாக வைத்துக்கொள்கிறது. நாம் பார்க்கும் நீலம், மஞ்சள் ஒப்பீடு, கேட்கும்போது கணக்கிட்டுத் தருவது. தொடக்கத்தில் இந்த வசதி இல்லை. 2001இல் விக்கிப்பீடியா ஓடிய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருள் பழைய திருத்தங்களைச் சில காலம் கழித்துக் கழித்துவிடும். அதனால் தொடக்க மாதங்களின் வரலாறு போயேபோய்விட்டது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2010 டிசம்பரில் நிரலாளர் டிம் ஸ்டார்லிங் பழைய காப்புப் பிரதிகளிலிருந்து அதில் பெரும்பகுதியைக் கண்டெடுத்தார். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, அதற்குள் மீடியாவிக்கி வந்துவிட்டதால் நமக்கு அந்தக் கவலை இல்லை.

வெட்டி ஒட்டியதைச் சரிசெய்ய ‘வரலாற்றை ஒன்றிணை’ என்ற வசதி நிர்வாகிகளுக்கு உண்டு. ‘அ’ என்ற பழைய பக்கத்தின் திருத்தங்கள் முழுவதையும் ‘ஆ’ என்ற புதிய பக்கத்தின் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு நிபந்தனை: ‘அ’விலிருந்து போகும் திருத்தங்கள் எல்லாம் ‘ஆ’வின் முதல் திருத்தத்துக்கு முன்பு நடந்திருக்க வேண்டும். அதாவது ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்கியிருக்க வேண்டும். வெட்டி ஒட்டிய கட்டுரையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஸ்ரீமுஷ்ணம் போல, இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே காலத்தில் இரண்டு பக்கத்தை வளர்த்திருந்தால் கதை வேறு. இரண்டு வரலாறும் இணையாக ஓடியிருக்கும். அவற்றை வலிந்து சேர்த்தால் திருத்தங்கள் நாள் வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு திருத்தங்களை ஒப்பிட்டால், ஒருவர் கட்டுரை முழுவதையும் அழித்து வேறொன்றை எழுதியது போலவும், அடுத்த நிமிடம் இன்னொருவர் பழையதைத் திரும்ப வைத்தது போலவும் காட்டும். செய்யாத நாசத்துக்கு இரண்டு நல்ல பயனர்கள் பழி சுமப்பார்கள். பிரிக்க நினைத்தாலும் எந்தத் திருத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் திருத்தத்தின் மேல் இருக்காது. அரைத்து வைத்த மாவில் அரிசியையும் உளுந்தையும் தனியாக்குகிற வேலைதான்.

இணை வரலாறுகளுக்கு மென்மையான வழி ஒன்று இருக்கிறது, அதையே நான் பரிந்துரைப்பேன். எது நிற்க வேண்டும் என்று உரையாடல் பக்கத்தில் பேசி முடிவெடுங்கள். போகிற கட்டுரையில் உள்ள நல்ல பத்திகளை நிற்கிற கட்டுரைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) ‘இன்ன கட்டுரையிலிருந்து எடுத்தது, ஆக்கியோருக்கு அதன் வரலாற்றைப் பார்க்க’ என்று இணைப்போடு எழுதுங்கள். போகிற பக்கத்தை நீக்காமல் வழிமாற்றாக்குங்கள். வழிமாற்றின் பின்னால் அதன் முழு வரலாறும் உயிரோடு இருக்கும். இதற்கு நிர்வாகி தேவையே இல்லை, யாரும் செய்யலாம். தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்க, நிர்வாகிகள் மிகக் குறைவு என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. சுருக்கத்தில் ‘இணைப்பு’ என்று ஒற்றைச் சொல் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் பின்னால் வருகிறவர்களைக் கொல்கிறார்கள்.

விக்கிமூலத்தில் இதே பிரச்சினை பிடிஎஃப் வடிவில் வரும். நாட்டுடைமையான ஒரு நூலின் இரண்டு வருடல்கள் ஏறியிருக்கும். ஒன்றில் பக்கங்கள் மங்கல், மற்றது தெளிவு. தெளிவானதைப் பழையதன் மேலேயே ஏற்றிவிடலாம் என்று தோன்றும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்த ஒவ்வொரு பக்கமும் பிடிஎஃப்பின் பக்க எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. புதிய வருடலில் அட்டை கூடுதலாக ஒன்று இருந்தால்கூட எல்லாம் ஒரு எண் தள்ளிப்போகும். 27ஆம் பக்கத்தின் உரைக்கு எதிரே 26ஆம் பக்கத்தின் படம் நிற்கும். அதுவும் ஒரே அச்சாக இருந்தால்தான் இந்தத் தள்ளல். வேறு பதிப்பாக இருந்தால் எதிரெதிரே பொருந்தவே பொருந்தாது. இங்கே விதி எளிது: வேறு வருடலுக்கு வேறு பெயர், மெய்ப்பு எதில் நடந்திருக்கிறதோ அது நிற்கும், தெளிவானதை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் வைத்திருக்கும் வரலாறு சில சமயம் வைத்திருக்கக் கூடாததையும் வைத்திருக்கும். கட்டுரையில் யாரோ ஒருவர் தனிமனிதரின் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டார். நீங்கள் அதை அழித்துச் சேமித்தீர்கள். கட்டுரையில் போய்விட்டது, முந்தைய திருத்தத்தைத் திறந்தால் அப்படியே இருக்கிறது. படத்திலும் அதே கதை. கடலூர் வெள்ளி கடற்கரையில் எடுத்த படத்தில் குழந்தையின் முகம் தெரிகிறது என்று மங்கலாக்கி அதன் மேலேயே மறுபடி ஏற்றினால், மங்கலாக்காதது கோப்பு வரலாற்றில் ஒரு சொடுக்கு தூரத்தில் இருக்கும். அந்தக் குறிப்பிட்ட திருத்தத்தையோ பதிப்பையோ மட்டும் மறைக்க நிர்வாகிகளால் முடியும். மறைத்த வரி வரலாற்றில் கோடடித்துச் சாம்பல் நிறத்தில் நிற்கும், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. நிர்வாகிகள் கண்ணுக்கும் தெரியாமல் மறைக்கும் உயர் அணுக்கம் இன்னும் சிலரிடம் மட்டும் இருக்கிறது. இப்படி ஒன்றைக் கண்டால், தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசும் பொதுப் பக்கமான ஆலமரத்தடியில் போய் ‘இந்தப் பக்கத்தில் இன்னார் எண் இருக்கிறது, மறைக்கவும்’ என்று எழுதாதீர்கள். அதைப் படிக்கிற அத்தனை பேரும் முதலில் அங்கேதான் போய்ப் பார்ப்பார்கள். நிர்வாகியின் பயனர் பக்கத்தில் ‘இப்பயனருக்கு மின்னஞ்சல் அனுப்பு’ என்ற இணைப்பு இருக்கும். அதில் திருத்தத்தின் முகவரியை மட்டும் ஒட்டி அனுப்பினால் போதும்.